கொல்கத்தா–அகர்தலா: விமானத்தில் ஒரு மணி நேரம், ரயிலில் 30 மணி நேரத்துக்கும் மேல் ஏன்?

மேற்கு வங்கத் தலைநகர் கொல்கத்தாவுக்கும் திரிபுரா தலைநகர் அகர்தலாவுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 317 கிலோமீட்டர். விமானத்தில் இதைக் கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். ஆனால், இந்திய மண்ணை விட்டு விலகாமல் ரயிலில் செல்வோர் சுமார் 1,550 கிலோமீட்டர் பயணிக்க வேண்டும். அதாவது, ஏறத்தாழ ஐந்து மடங்கு தொலைவு; 30 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம்.

இரு நகரங்களுக்கும் நடுவே வங்கதேசம் இருப்பதே இதற்குக் காரணம். சியால்டாவில் புறப்படும் ரயில் வடக்கே நியூ ஜல்பைகுரி வரை ஏறி, குறுகலான சிலிகுரி வழித்தடத்தைத் தாண்டி, அசாமின் குவாஹாட்டி, லாம்டிங் வழியாக மலைப் பாதையில் தெற்கே இறங்கி அகர்தலாவை அடைகிறது.

1947-க்கு முன்பு நிலைமை வேறு. அகர்தலாவுக்கு மிக அருகிலுள்ள அகௌரா நிலையமே திரிபுரா மக்களுக்கு ரயில் வசதி அளித்தது. பிரிவினையில் அந்த நிலையம் கிழக்கு பாகிஸ்தானுக்குச் சென்றது. அகர்தலா நகருக்கே ரயில் வந்தது 2008-இல். அகலப்பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2016-இல்.

விமான அட்டவணை காட்டும் ஒரு மணி நேரம் முழுவதும் வானில் கழிவதில்லை. நிறுத்துமிடத்தில் இருந்து ஓடுபாதைக்கு நகர்வது, புறப்பட அனுமதிக்காகக் காத்திருப்பது, தரையிறங்கிய பின் முனையத்தை அடைவது ஆகியவையும் அதில் அடங்கும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் 24 நிமிடமே வரும். ஆனால், இவ்வளவு குறுகிய தொலைவில் விமானம் உயரே ஏறுவதிலும் இறங்குவதிலுமே பெரும் பகுதி கழிந்துவிடுவதால், முழு வேகத்தில் பறக்கும் நேரம் மிகக் குறைவு. வழியின் பெரும்பகுதி வங்கதேச வான்பரப்பில் அமைகிறது.

மேல்சிகிச்சைக்காகக் கொல்கத்தாவுக்கும், அங்கிருந்து வேலூர் போன்ற ஊர்களுக்கும் செல்லும் திரிபுரா நோயாளிகளுக்கு இந்த ஒரு மணி நேரம் வசதி அல்ல, தேவை. 2022 மே மாதம் அசாமின் திமா ஹசாவ் மாவட்டத்தில் ஏற்பட்ட நிலச்சரிவில் நியூ ஹாஃப்லாங் ரயில் நிலையம் சேறும் மண்ணுமாகி, திரிபுராவுக்கான ரயில் போக்குவரத்து வாரக்கணக்கில் முடங்கியது. அத்தகைய நாட்களில் அவசரமாகச் செல்ல வேண்டியவர்களுக்கு விமானமே வழி. பயணச்சீட்டு வாங்க இயலாதவர்களின் நிலை எளிதில் ஊகிக்கத்தக்கதே.

அகர்தலா விமான நிலையம் 1942-இல், மன்னர் வீர் விக்ரம் கிஷோர் மாணிக்யா காலத்தில் அமைக்கப்பட்டது. 2018-இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2022 ஜனவரி 4-இல் திறந்து வைத்தார்.

தரைவழித் தொலைவைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. கொல்கத்தா–டாக்கா–அகர்தலா பேருந்து சேவை 2015 ஜூன் மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வழியில் தொலைவு சுமார் 500 கிலோமீட்டர் மட்டுமே. 12.24 கிலோமீட்டர் நீளமுள்ள அகர்தலா–அகௌரா ரயில் இணைப்பை மோடியும் அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவும் 2023 நவம்பர் 1-இல் காணொலி வாயிலாகத் தொடங்கி வைத்தனர். எனினும், பயணிகள் ரயில் சேவை உடனடியாகத் தொடங்கவில்லை. வங்கதேசம் வழியாகத் தரைவழியே செல்லும் இந்தியர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் அவசியம். விமானத்தில் செல்வோருக்கு இது உள்நாட்டுப் பயணம் என்பதால் அவை தேவையில்லை.