நடந்து போய் வென்றவர்: ஒரு விளையாட்டுக் காருக்குப் பின்னால் உள்ள வரலாறு

உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓடும் பிள்ளை இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஸ்லொட் கார் என்று ஒரு விளையாட்டுப் பொருள் இருக்கிறது. பிளாஸ்டிக் தடத்தின் நடுவே ஒரு குறுகிய பள்ளம் நீளமாக ஓடும். அதன் இரு பக்கமும் இரண்டு உலோகக் கம்பிகள். காரின் மூக்குக்குக் கீழே உள்ள சிறிய நாக்கு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். நாக்கின் இரு பக்கமும் உள்ள செப்பு இழைகள் கம்பிகளைத் தொட்டு, சுமார் 12 வோல்ட் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுக்கும். கையில் இருக்கும் விசையை அழுத்தினால் வேகம் கூடும், விட்டால் குறையும். ஸ்டியரிங் கிடையாது. வளைவு வரும்போது எப்போது விரலைத் தளர்த்துவது என்பதுதான் முழு விளையாட்டும்.

இதற்கு வழி திறந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெட் பிரான்சிஸ். அவருடைய மினிமொடல்ஸ் நிறுவனம் 1952 இல் 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில் சுருள்வில் விசையால் ஓடும் தகரக் கார்களைச் செய்தது. பிறகு அதே கார்களுக்குள் மின்மோட்டாரை வைத்து, ஸ்கேலெக்ஸ், எலெக்ட்ரிக் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்று பெயரிட்டு 1957 இல் அறிமுகப்படுத்தினார். 1960களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது ஒரு பெரிய மோகமாகவே பரவியது. இன்றும் பெரியவர்கள் கூடக் கழகம் அமைத்து ஓடவிடுகிறார்கள். அவர்களுக்காகவே பாகம் பாகமாக வரும் கிட் பெட்டிகள் உண்டு. நிறம் பூசாத வெள்ளை உடல், அடித்தட்டு, மோட்டார், பற்சக்கரங்கள், அச்சுகள், டயர்கள், ஒட்டுப்படங்கள் என்று எல்லாவற்றையும் நாமே பூட்ட வேண்டும்.

அந்த உலகில் பலரும் விரும்பும் கார்களில் ஒன்று ஃபோர்ட் ஜீடி40. ஸ்கேலெக்ஸ்ட்ரிக், ஃப்ளை, ஸ்லொட்.இட் போன்ற பல நிறுவனங்கள் அதை 1:32 அளவில் செய்திருக்கின்றன. இளநீல உடலில் நடுவே செம்மஞ்சள் பட்டை ஓடும் 'கல்ஃப்' எண்ணெய் நிறுவனத்தின் நிறத்தில்தான் அது அதிகம் அறியப்பட்டது.

1:32 என்றால் என்ன? வகுப்பில் விகிதம் படிப்பிக்கும்போது நாம் செய்யும் கணக்குத்தான். பெயரில் உள்ள 40, அந்தக் காரின் உயரத்தைக் குறிக்கிறது. ஏறத்தாழ 40 அங்குலம், அதாவது ஒரு மீற்றரை விடச் சற்றுக் கூட. வளர்ந்த ஒருவரின் இடுப்பளவு. 32 ஆல் பிரித்தால் மாதிரிக் காரின் உயரம் சுமார் 3.2 சென்ரிமீற்றர். உண்மைக் கார் மணிக்கு 320 கிலோமீற்றர் ஓடியது என்று எடுத்துக்கொண்டால், மாதிரிக்கு அது மணிக்கு 10 கிலோமீற்றர். நாம் மெதுவாக ஓடும் வேகம்! அந்தக் கார் ஓடிய லு மான் பந்தயப் பாதையின் நீளம் அப்போது சுமார் 13.47 கிலோமீற்றர். அதே விகிதத்தில் தடம் போட்டால் 420 மீற்றர் வேண்டும். எந்த வீட்டின் மண்டபமும் போதாது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

லு மான் பிரான்ஸில் உள்ள ஒரு நகரம். 1923 முதல் அங்கே 24 மணித்தியாலக் கார்ப் பந்தயம் நடக்கிறது. ஒரு சுற்றில் யார் வேகம் என்பது அங்கே முக்கியமல்ல. இரவும் பகலும் தாக்குப்பிடித்து அதிக தூரம் ஓடியவரே வெற்றியாளர். 1960 முதல் 1965 வரை ஆறு முறையும் வென்றவை இத்தாலியின் ஃபெராரிக் கார்கள். அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம் 1963 இல் ஃபெராரியை விலைக்கு வாங்கப் பேசியது. கடைசி நேரத்தில் என்ஸோ ஃபெராரி மறுத்துவிட்டார். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் ஜீடி40. 1964 இலும் 1965 இலும் தோற்று, 1966 இல் முதல் மூன்று இடங்களையும் ஃபோர்ட் பிடித்தது. அந்தக் கதையைத் திரைப்படமாகப் பலர் பார்த்திருப்பீர்கள். நாம் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது.

லு மானில் பந்தயம் தொடங்கும் முறையே தனி. கார்கள் பாதையின் ஒரு பக்கத்தில் சாய்வாக வரிசையாக நிற்கும். சாரதிகள் எதிர்ப்பக்கத்தில் நிற்பார்கள். கொடி அசைந்ததும் எல்லோரும் பாதையைக் குறுக்கறுத்து ஓடிச் சென்று, காருக்குள் பாய்ந்து, இயக்கிப் புறப்பட வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது பெரிய காட்சி. ஆனால் அந்த அவசரத்தில் ஒரு வேலை விடுபட்டது. ஆசனப்பட்டி.

பழைய காலத்தில் பல சாரதிகள் பட்டியை விரும்பவில்லை. தீப்பிடிக்கும் காருக்குள் மாட்டிக்கொள்வதை விட வெளியே தூக்கி வீசப்படுவதே மேல் என்று நினைத்தார்கள். 1960களின் இறுதியில் பட்டியின் பயன் தெரியவந்தும், அதைப் பூட்ட அரை நிமிடம் செலவழிக்க லு மானில் மனம் வரவில்லை. சிலர் நேர்ப்பாதையில் ஓடிக்கொண்டே பூட்டப் பார்த்தார்கள். சிலர் முதல் தரிப்பு வரை பூட்டாமலே ஓடினார்கள்.

1968 இல் பெல்ஜியச் சாரதி வில்லி மெரெஸ் ஓட்டியதும் ஒரு ஜீடி40 தான். புறப்படும் அவசரத்தில் கதவைச் சரியாக மூடவில்லை. முதல் சுற்றிலேயே, நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது கதவு திறந்துகொண்டது. கார் சிதைந்தது. அவர் உயிர் தப்பினார், ஆனால் பந்தய வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

அந்த 1968 பந்தயத்தில் வென்றது 1075 என்ற சட்டக இலக்கம் கொண்ட ஜீடி40. பெட்ரோ ரொட்ரிகஸும் லூசியன் பியாங்கியும் ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு அதே கார் மீண்டும் வந்தது. இம்முறை சாரதிகள் பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ், இங்கிலாந்தின் ஜாக்கி ஒலிவர். 1969 இல் அது பழைய கார். எதிரே 12 சிலிண்டர், 4.5 லீற்றர் எஞ்சினுடன் போர்ஷே 917 என்ற புதிய அசுரன் நின்றது.

1969 ஜூன் 14. கொடி அசைந்தது. எல்லோரும் ஓடினார்கள். 24 வயதான இக்ஸ் மட்டும் ஓடவில்லை. கடைத்தெருவுக்குப் போகிறவர் போல நடந்து பாதையைக் கடந்தார். காருக்குள் அமர்ந்தார். கதவை மூடினார். பட்டியை ஒழுங்காகப் பூட்டினார். மற்ற எல்லாக் கார்களும் போன பிறகு கடைசியாகப் புறப்பட்டார். அது சோம்பலல்ல, எதிர்ப்பு. இந்தத் தொடக்க முறை ஆட்களைக் கொல்லும் என்பதை வாயால் சொல்லாமல் காலால் சொன்னார்.

அவர் சொன்னது சரி என்று காட்ட ஒரு சுற்றுக் கூடப் போகவில்லை. ஜோன் வுல்ஃப் என்ற ஆங்கிலேயர் சொந்தமாக வாங்கிய போர்ஷே 917 உடன் வந்திருந்தார். முதல் சுற்றிலேயே, மேசன் பிளான்ஷ் என்ற இடத்தில் அவருடைய கார் மோதிச் சிதறியது. பட்டி பூட்டியிருக்கவில்லை. வெளியே தூக்கி வீசப்பட்டு உயிரிழந்தார்.

பந்தயம் தொடர்ந்தது. நெடுநேரம் முன்னணியில் இருந்த போர்ஷே 917 ஒன்று இறுதி மணித்தியாலங்களில் பழுதாகி நின்றது. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேரின் போட்டி: பழைய ஜீடி40 இல் இக்ஸ், போர்ஷே 908 இல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஹெர்மன். ஒரு சுற்றில் இவர் முந்த, அடுத்த சுற்றில் அவர் முந்த, இறுதிச் சுற்று வரை அப்படியே போனது. 24 மணித்தியாலம், 372 சுற்று, ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர் ஓடிய பிறகு இக்ஸ் வென்றார். வித்தியாசம் சுமார் 120 மீற்றர். எமது 1:32 தடத்தில் அது நான்கு மீற்றர் கூட வராது.

கடைசியாகப் புறப்பட்டவர் முதலாவதாக வந்தார். பட்டி பூட்ட எடுத்த நேரம் அவருடைய வெற்றியைப் பறிக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எமக்குப் பெரிய பாடம். பந்தயம் முடிந்து திங்கட்கிழமை காலை இக்ஸ் தன் போர்ஷே 911 இல் பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். சாட்ரஸ் நகருக்கு அருகில் வேறொரு கார் குறுக்கே வந்தது. அவருடைய கார் தொலைபேசிக் கம்பத்தில் மோதி நசுங்கியது. அவர் பட்டியைக் கழற்றிவிட்டுக் காயமில்லாமல் இறங்கி வந்தார். பந்தயப் பாதையில் ஆயிரக்கணக்கானோர் பார்க்கச் செய்ததை, யாரும் பார்க்காத வீதியிலும் செய்திருந்தார்.

1970 இல் லு மான் நிர்வாகம் வழிக்கு வந்தது. ஓடிப்போய் ஏறும் தொடக்கம் நிறுத்தப்பட்டது. சாரதிகள் பட்டி பூட்டி அமர்ந்த நிலையிலேயே பந்தயம் தொடங்கியது. பல தசாப்த வழக்கத்தை ஒருவரின் நடையும் இன்னொருவரின் மரணமும் சேர்ந்து மாற்றின. 120 மீற்றரில் தோற்ற ஹெர்மன் அந்த ஆண்டு ரிச்சர்ட் அட்வூட்டுடன் 917 இல் வென்றார். லு மானில் போர்ஷேக்கு அதுவே முதலாவது ஒட்டுமொத்த வெற்றி. அத்தோடு பந்தயத்திலிருந்து ஓய்வும் பெற்றார். இக்ஸ் மொத்தம் ஆறு முறை லு மானை வென்றார்.

பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுக் காரைக் காட்டி நாம் சொல்ல வேண்டியது இதுதான். ஸ்லொட் கார் வளைவில் வேகம் கூடித் தடத்தை விட்டுப் பறந்தால், எட்டி எடுத்து மீண்டும் பள்ளத்தில் வைக்கலாம். செப்பு இழையைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டால் மறுபடியும் ஓடும். உடைந்த பாகத்துக்குப் புதுப் பாகம் பெட்டியில் வரும். வீதியில் பறந்தவரை எடுத்து வைக்க அப்படி ஒரு கை இல்லை. வுல்ஃபுக்கும் இருக்கவில்லை.

எமது வீதிகளில் யாரும் கொடி அசைத்து எம்மை ஓடச் சொல்வதில்லை. ஆனாலும் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டும், தலையில் வைத்து வாரைப் பூட்டாமலும் போகிறோம். பக்கத்துக் கடைக்குத்தானே என்று முன் ஆசனத்தில் பட்டியில்லாமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறோம். இக்ஸை விட நாம் அவசரக்காரர்களா என்ன? உலகின் மிக வேகமான பந்தயம் ஒன்றில், 24 மணித்தியாலத்தின் ஒவ்வொரு விநாடியும் கணக்கான இடத்தில், அவருக்குப் பட்டி பூட்ட நேரம் இருந்தது.

நாளை காலை வாகனத்தில் ஏறும்போது அந்த அரை நிமிடத்தைக் கொடுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.