தயிர்க் கிண்ணத்தில் தங்கிய கம்பு

நம்ம கம்புக்குப் பிறந்த வீடு ஆப்பிரிக்காங்க. மாலி நாட்டின் வடக்கே சுமார் 4,500 வருசத்துக்கு முன்னாடியே அதை விதைத்து அறுத்த தடயம் கிடைச்சிருக்கு. பிறகுதான் நம்ம நாட்டுக்கு வந்துச்சு.

மாலிக்குப் பக்கத்து நாடான செனகலில் கம்பு மாவைத் தண்ணி தெளிச்சுப் பிசறி, குருணை மாதிரி உருட்டி, ஆவியில் வேகவைப்பாங்க. ஆறினதும் இனிப்புத் தயிரில் கலந்தா தியாக்ரி. கம்போட நார்ச்சத்து, இரும்புச்சத்து எல்லாம் அதில் உண்டு.

பிரெஞ்சுக்காரங்க ஆட்சியில் அங்கே நிலக்கடலைச் சாகுபடி பரவுச்சு. இந்தோசீனாவிலிருந்து கப்பலில் வந்த நொய்யரிசி சாப்பாட்டுத் தட்டைப் பிடிச்சுக்கிட்டது. ஆனாலும் தயிர்க் கிண்ணத்தில் கம்பு விடாம நின்னுச்சு.

இங்கேயும் அரிசி வந்து கம்மங்கூழை ஒதுக்குன கதைதான். தின்ன ஆள் இருந்தாத்தான் விதைக்க ஆள் இருப்பான். டவுனில் இருக்கும் நீங்க கம்பு வாங்குங்க, நாங்க விதைக்கிறோம்.