இதன் கீழே டகாடா இருக்கிறது

ஜப்பானில் எடோ காலத்துக் கதை ஒன்று சொல்வார்கள். வடமேற்குக் கரையை ஒட்டிய எச்சிகோ நாட்டில் டகாடா என்றொரு கோட்டை நகரம். ஒரு குளிர்காலத்தில் அந்த ஊருக்குக் கடிதம் கொண்டுபோகிறான் தபால்காரன். போய்ப் பார்த்தால் ஊரைக் காணோம். வெள்ளைவெளேரென்று வெட்டவெளி. நடுவில் ஒரு பலகை மட்டும் நட்டு வைத்திருக்கிறது: “இதன் கீழே டகாடா இருக்கிறது.”

சிரிப்பதற்காகப் பெருக்கிச் சொன்ன கதைதான். ஆனாலும் எனக்கு அது ஒரு நகராட்சி அறிவிப்பாகவே தெரிகிறது. அறிவிப்புக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. என்ன இடம், என்ன நிலவரம், அவ்வளவுதான். ஒரு சொல் கூட இல்லை, குறைவும் இல்லை. டகாடா பற்றிப் படிக்கத் தொடங்கியது வேலை சம்பந்தமாகத்தான் (நான் படித்தது சிவில், சோறு போடுவது வடிகால்), ஆனால் கொஞ்ச நாளில் அந்த ஊரின் குளிர்கால அறிவிப்புகளே பெரிய கதையாகத் தெரிய ஆரம்பித்தன.

முதலில் ஒரு மொழிச் சங்கடம். தமிழில் ‘பனி’ என்றால் மார்கழிப் பனி. புல் நுனியில் நிற்கும், வெயில் வந்தால் போய்விடும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பிறந்த நமக்கு அதுவும் இல்லை. டகாடாவில் விழுவதற்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, வெதுவெதுப்பான ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது; கரையைத் தாண்டியதும் மலை. மேலே ஏறும்போது குளிர்ந்து சுமையை இறக்கிவிடுகிறது. ஈரம் மிகுந்த, கனமான பனி. டகாடா வானிலை நிலையத்தில் 1945 பிப்ரவரி 26 அன்று தரையில் கிடந்த பனியின் ஆழம் 377 செ.மீ. அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை.

ஆழத்தை விட எடைதான் எனக்கு முக்கியம். ஜப்பானில் பனி மிகுந்த வட்டாரங்களில் பொறியாளர்கள் போடும் தோராயக் கணக்கு இது: ஒரு சென்டிமீட்டர் பனி, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கிலோ. 377ஐ மூன்றால் பெருக்குங்கள். ஆயிரத்து நூறு கிலோவைத் தாண்டுகிறது. கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் ஒரு மைவி காரை ஏற்றி நிறுத்தியது போல.

இந்தச் சுமையோடு நிலமும் ஆடினால்? 1666 பிப்ரவரி 1 அன்று ஆடியது. ஊரில் அப்போது நாலரை மீட்டர் பனி இருந்ததாகப் பதிவு. கனத்துக் கிடந்த கூரைகள் அப்படியே அமர்ந்தன. வெளியே ஓடக் கதவைத் திறந்தால் பனிச்சுவர். அடுப்புத் தீ பரவியது. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேர் இறந்தார்கள். ஆட்சியிலிருந்த மூத்த அதிகாரிகளும் அதில் போய்விட, இறந்தவர்களில் ஒருவரின் மகனான ஒகுரி மிமாசாக்கா என்பவர்தான் ஊரைத் திரும்ப எழுப்பும் வேலையை ஏற்றார்.

டகாடாவின் பெயர் பெற்ற ‘கங்கி’கள் (முதல் எழுத்தைக் கங்கை மாதிரி உச்சரிக்கவும்) 17ஆம் நூற்றாண்டின் அந்தப் பிற்பாதியில் பரவின என்பது பொதுவான கணிப்பு. கங்கி என்றால் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டு முகப்பில் தெருப்பக்கம் ஒரு தாழ்வாரத்தை இறக்கிவிடுவது. பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தோடு அது சேரும். அது அடுத்ததோடு சேரும். தெரு பனியில் மூழ்கிக் கிடந்தாலும் கூரைக்கடியில் ஊர் முழுக்க நடந்துவிடலாம். நல்ல நாளில் மொத்தம் 16 கிலோமீட்டர் வரை நீண்டது.

இதைப் படித்தவுடன் உங்களுக்கும் அதே ஞாபகம் வந்திருக்கும். அஞ்சடி! காக்கி லீமா! 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரின் நகரத் திட்டத்துக்குக் கொடுத்த அறிவுரையில், வீட்டு முகப்புகளில் எந்நேரமும் திறந்திருக்கும் தொடர்ச்சியான தாழ்வாரம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். நிலம் கடைக்காரருடையது, நடப்பது ஊர். கங்கியிலும் அதே ஏற்பாடுதான். வீடுகள்கூட நம்ம கடைவீடு மாதிரியே: முகப்பு ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம். இங்கே வெயிலுக்கும் மழைக்கும், அங்கே பனிக்கு.

ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சிங்கப்பூரில் அஞ்சடி மேலிருந்து வந்த கட்டளை. கடைக்காரர்கள் அதைச் சரக்கு வைக்கும் இடமாக ஆக்கிக்கொண்டார்கள். 1888 பிப்ரவரியில் நகராட்சி அதைக் காலி செய்யப் புறப்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலவரம் வெடித்தது. டகாடாவில் யாரும் கங்கியை அடைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் நம்மை விட நல்லவர்கள் என்பதால் அல்ல. அடைத்தால் ஜனவரியில் அரிசி வாங்கப் போக முடியாது, அவ்வளவுதான்.

சரி, நடக்க வழி கிடைத்தது. கூரை மேல் இருக்கும் பனியை என்ன செய்வது? வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கவாட்டில் தள்ள இடமில்லை. இருக்கும் ஒரே இடம் தெரு. எல்லாரும் தெருவில் தள்ளினார்கள். தெருவின் பனி கூரை உயரத்துக்கு எழும்பியது. எதிர் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் பனியில் படிக்கட்டு வெட்டி ஏறி இறங்க வேண்டும், இல்லையென்றால் குறுக்கே சுரங்கம் தோண்ட வேண்டும். தெரு கூரையை விட உயர்ந்துவிட்டால் பனியை ‘இறக்க’ முடியாது, மேலே தூக்கி வீச வேண்டும். அதனால் எச்சிகோ மக்கள் ‘யுக்கி ஹோரி’ என்கிறார்கள். பனி தோண்டுதல்.

மோட்டார் வாகனங்கள் வரும்வரை இது ஓடியது. கால்நடைக்கும் சறுக்கு வண்டிக்கும் தெரு எத்தனை உயரத்தில் இருந்தால் என்ன? லாரிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அப்படி இல்லை. தெருவைத் திறந்து வைக்கவேண்டும் என்றால், கூரையிலிருந்து விழுவதை உடனே அள்ளிக்கொண்டு போக வேண்டும். இங்கேதான் நகராட்சி உள்ளே வருகிறது, என் பார்வையில் இந்த ஊரின் மிகச் சிறந்த அறிவிப்பும் வருகிறது: ஒரே நாள் கூரையிறக்கம்.

இன்ன தேதி, இன்ன தெரு. வாகனங்களை அப்புறப்படுத்துங்கள். போக்குவரத்து நிறுத்தப்படும். அந்தத் தெருவில் இருக்கும் எல்லாரும் அன்றைக்கே கூரையில் ஏறிப் பனியைத் தெருவில் தள்ள வேண்டும். பின்னாலேயே இயந்திரங்களும் லாரிகளும் வந்து அள்ளிப் போகும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நாற்பது வீடு இருக்கும் தெருவில் முப்பது வீடு இன்று தள்ளி, பத்து வீடு நாளை மறுநாள் தள்ளினால் மொத்த வேலையும் பாழ். லாரி போன பிறகு விழும் ஒரு கூரைப் பனி போதும், தெரு மறுபடி அடைபடும். பனியை ஓடும் நீரில் தள்ளிவிடும் சாலையோரக் கால்வாய்களுக்கும் இதே தர்மம்தான். எந்தப் பேட்டை எத்தனை மணிக்குக் கொட்டலாம் என்று கால அட்டவணை போடுகிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கொட்டினால் கீழ்ப்பேட்டையில் அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வரும். லொங்காங் அடைத்துத் திடீர் வெள்ளம் வந்த தாமானில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தச் செய்தியெல்லாம் வீட்டுக்கு வீடு எப்படிப் போகிறது? ஜப்பான் முழுக்கப் பழகிய ஒரு வழி ‘கைரன்பன்’, அதாவது சுற்றறிக்கைப் பலகை. கிளிப் வைத்த ஒரு அட்டை. படித்ததற்கு அடையாளமாக முத்திரை குத்திவிட்டுப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். ‘கை’ என்ற ஒலிக்கு அவர்கள் மொழியில் சுற்று என்று பொருள், நமக்கு என்னவோ கைக்குக் கை மாறுவதாகவே கேட்கிறது.

அந்தப் பலகையை ரொம்பவும் கொண்டாடிவிடக் கூடாது. 1940 செப்டம்பரில் ஜப்பானிய உள்துறை அமைச்சகம் நாடு முழுக்க வீடுகளைச் சிறு சிறு குழுக்களாகக் கட்டாயமாக இணைத்தது. தொனாரிகுமி என்று பெயர். பங்கீட்டு அரிசி, போர்ப் பத்திரம், விமானத் தாக்குதல் ஒத்திகை எல்லாம் அந்தக் குழு வழியாக, அதே பலகையில்தான் வந்தன. யார் வரவில்லை, யார் முணுமுணுத்தார் என்பதும் அதே வழியில் மேலே போனது. 1947இல் நேசநாட்டு ஆக்கிரமிப்பு நிர்வாகம் அந்த அமைப்பைக் கலைத்தது. பலகை மட்டும் பிழைத்துக்கொண்டது. 377 செ.மீ. விழுந்த 1945 குளிர்காலத்தில், கூரை ஏற வேண்டிய வயதுடைய ஆண்களில் பலர் போர்முனையில் இருந்தார்கள். டகாடாவில் உருவான 58ஆம் காலாட்படைப் பிரிவு அதற்கு முந்தைய ஆண்டுதான் கொஹிமாவில் சிதைந்திருந்தது.

அதே குளிர்காலத்தில், டகாடாவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நவோயெட்சு துறைமுகத்தில் இன்னொரு கூட்டம் பனியில் நின்றது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்களில் முந்நூறு பேரை அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே கொண்டுபோய்த் தொழிற்சாலை வேலையில் போட்டார்கள். அறுபது பேர் திரும்பவில்லை. நம் தீவின் வெக்கையிலிருந்து நேராக அந்தக் குளிருக்கு. எந்தச் சுற்றறிக்கைப் பலகையிலும் அவர்கள் வீட்டு எண் இல்லை. போருக்குப் பின் முகாம் காவலர்களில் எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1971இல் டகாடாவும் நவோயெட்சுவும் இணைந்து ஜோயெட்சு என்ற ஒரே நகரமானது. முகாம் இருந்த இடத்தில் 1995இல் அமைதிப் பூங்கா திறந்தார்கள். இரண்டு தரப்பில் இறந்தவர்களுக்கும் அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது.

கட்டடச் சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் என்னைத் தூக்கிப்போட்டது அதுதான். ஜப்பானியக் கட்டடச் சட்ட அமலாக்க ஆணையின் 86வது பிரிவு பனிச் சுமையைப் பற்றியது. அதில் ஒரு சலுகை: கூரைப் பனியை இறக்கும் *வழக்கம்* உள்ள வட்டாரங்களில், மூன்று மீட்டர் பனி விழும் இடமாக இருந்தாலும், நிலவரத்தைப் பொறுத்து ஒரு மீட்டர் வரை குறைத்துக் கணக்கிடலாம். கான்கிரீட்டின் வலிமை, உத்தரத்தின் அகலம், மண்ணின் தாங்குதிறன் என்று நான்கு வருடம் படித்தேன். ‘பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வருவார்’ என்பதை எந்தப் பாடத்திலும் ஒரு தாங்கு உறுப்பாகச் சொல்லித் தரவில்லை. இங்கே சட்டமே சொல்கிறது. மேற்கூரையின் மீதி இரண்டு மீட்டரைத் தாங்குவது மரம் அல்ல, ஒரு பழக்கம். அப்படிக் கட்டினால் இன்னொரு நிபந்தனையும் உண்டு. வாசலிலோ, கண்ணில் படும் வேறு இடத்திலோ அந்தக் குறைப்பு விவரத்தை எழுதி மாட்ட வேண்டும். மறுபடியும் ஒரு பலகை!

பனியைக் கரைக்கவும் முயன்றார்கள். இதே நீகாட்டா மாகாணத்தின் நகவோக்கா நகரில் 1960களின் தொடக்கத்தில் சாலை நடுவே குழாய் பதித்து, குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும் நிலத்தடி நீரைப் பீய்ச்சினார்கள். அருமையான யோசனை, வேகமாகப் பரவியது. ஆனால் கடும்பனி ஆண்டுகளில் எல்லாரும் ஒரே சமயத்தில் இறைத்ததில் டகாடா சமவெளியில் நிலமே கீழே இறங்க ஆரம்பித்தது. இப்போது குளிர்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் சரிந்தால் நிலம் அமிழும் எச்சரிக்கை விடுகிறார்கள்: தண்ணீரைக் குறைத்து இறையுங்கள். கூரைக்கு ‘எல்லாரும் ஒரே நேரத்தில்’, குழாய்க்கு ‘எல்லாரும் ஒரே நேரத்தில் வேண்டாம்’.

2021 ஜனவரியில் டகாடாவில் ஒரே நாளில் ஒரு மீட்டருக்கு மேல் கொட்டியது. கிடந்த பனி இரண்டரை மீட்டரைத் தொட்டது. நகராட்சி ஒரே நாள் கூரையிறக்கத்தை அறிவித்தது, 1986க்குப் பிறகு முதல் தடவையாக. முப்பத்தைந்து வருட இடைவெளி. 1986இல் முப்பத்தைந்து வயதில் சாவகாசமாகக் கூரை ஏறியவருக்கு 2021இல் எழுபது. அறிவிப்பின் வாசகம் மாறவில்லை, படிப்பவரின் முழங்கால் மாறிவிட்டது. ராணுவத்தின் உதவியையும் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஜப்பான் முழுக்கப் பனியால் இறந்தவர்கள் நூறுக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பனியை அள்ளும்போதும் கூரையிலிருந்து இறக்கும்போதும் இறந்தவர்கள். வழக்கத்தைக் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்லலாம்.

இளையவர்கள் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய வீட்டின் முன் சுற்றறிக்கைப் பலகை நிற்பதில்லை, அடுத்த வீட்டுக்குத் தாண்டிப் போகிறது. கூரை மட்டும் தாண்டிப் போக முடியாமல் பனியோடு நிற்கிறது. அது இடிந்தால், அல்லது இடியும் முன் இடித்துவிட்டால், அந்த அகலத்துக்குக் கங்கியும் போய்விடும். 16 கிலோமீட்டர் இப்படித்தான் குறைந்துகொண்டு வருகிறது. இன்றும் ஜப்பானில் இதை விட நீளமான கங்கித் தொடர் வேறு ஊரில் இல்லை என்றாலும், நடுநடுவே பல் விழுந்த மாதிரி இடைவெளிகள். கங்கியைப் பழுதுபார்க்க நகராட்சி மானியம் தருகிறது. மானியம் கேட்க வீட்டுக்காரர் என்று ஒருவர் வேண்டுமே. பனி நாளில் அந்த இடைவெளி வந்ததும் நடப்பவர் குடையை விரிக்க வேண்டும். ஏழெட்டு அடி வைத்து அடுத்த வீட்டுக் கங்கிக்குள் நுழைந்ததும் உதறி மடக்கிக்கொள்ளலாம்.