கால் மாறிய கூத்தும் நடுவுடலின் வரலாறும்

மதுரை மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்துக் கூத்தன் மற்ற ஊர்களில் நிற்கிற மாதிரி நிற்பதில்லை. இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கியிருக்கிறான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதற்கொரு காரணம் சொல்கிறது. அறுபத்து மூன்று கலை தெரிந்த இராசசேகர பாண்டியன் மிச்சமிருந்த பரதத்தையும் படிக்கிறான். உடம்பு வலிக்கிறது. அப்போதுதான், காலகாலமாய் ஒரே காலில் நிற்கிறவனின் நிலை அவனுக்கு உறைக்கிறது. கால் மாற்றி ஆடச் சொல்கிறான். இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று வாளை நட்டுவைக்கிறான். கூத்தன் மாற்றிக்கொள்கிறான்.

இதைப் பக்திக் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் ஆட்டத்தை உழைப்பாகப் பார்க்கிற அபூர்வமான பிரதி இது. பார்க்கிறவனாக இருந்தவரை அரசனுக்குத் தெரிந்தது வடிவம். ஆடிய பிறகு தெரிந்தது பாரம்.

ஒற்றைக்காலில் நிற்பது காலின் வேலை மட்டுமில்லை. அடிவயிற்றின் ஆழத்தசை, முதுகெலும்பை ஒட்டிய தசைகள், இடுப்புத்தளம், மூச்சை இழுக்கிற உதரவிதானம், இவை சேர்ந்துதான் உடம்பை நிறுத்துகின்றன. பாலே உலகம் இதை 'கோர்' என்கிறது. 1920களில் நியூயார்க் வந்த ஜோசப் பிலாட்டீஸின் பயிற்சிக்கூடத்துக்குப் பாலன்சைனும் மார்த்தா கிரகாமும் ஆட்டக்காரர்களை அனுப்பியது இதற்காகத்தான். அரைமண்டியிலும் இதே கணக்கு: வயிறு தளர்ந்தால் இடுப்பு முன்சரியும், முதுகு குழியும், சுமை முழங்காலுக்கு இறங்கும்.

இது மேற்கிலிருந்து வந்த புது அறிவு என்று நினைக்க வேண்டியதில்லை. சிலப்பதிகார மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறுகிறாள். பயிற்சியின் தொடக்கத்தை உரைமரபு தண்டியம் பிடித்தல் என்கிறது. சின்னப்பெண் பற்றிக்கொள்ளும் கோல் அது. பாலே வகுப்பின் சுவரோரக் கட்டைக்குச் சொந்தம். இரண்டும் செய்கிற காரியம் ஒன்றே. கை பிடித்திருந்த ஆதாரத்தை மெல்ல மெல்ல வயிற்றுக்குள் கொண்டுபோவது.

இந்த இரண்டு கோல்களும் ஒரு உடம்பில் சந்தித்தன. 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, அன்னா பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே படித்தார். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர். 1935இல் மேடையேறினார், 1936இல் கலாக்ஷேத்திரம் உருவானது. கடுமையான உடற்பயிற்சியில் எழுந்த கலை. ஆனால் அதைச் சுற்றி எழுந்த சொல்லாடல் முழுக்க ஆன்மிகம், பக்தி, தூய்மை. தசை பேச்சிலிருந்து விழுந்துவிட்டது. தசையை வளர்த்த நட்டுவனார் வீடுகளும் தேவதாசி வீடுகளும் முன்னுரையில் ஒரு வரியாகச் சுருங்கின. 1947இல் பொட்டுக்கட்டுத் தடைச்சட்டம் வந்தது. அது நியாயமான சட்டம்தான். அந்தப் பெண்களின் உடம்பில் இருந்த தொழிலறிவு என்னாகும் என்கிற கேள்வி அதற்குள் இல்லை.

மதுரையைச் சுற்றிய கிராமங்களில் பங்குனி, சித்திரையில் கரகாட்டம் பார்க்கிறோம். அரிசியோ மணலோ நிரப்பிய செம்பு தலைமேல், கை தொடுவதில்லை. நையாண்டி மேளம் வேகம் பிடிக்க இடுப்பு சுழல்கிறது, கழுத்து அசையாமல் நிற்கிறது. ஆட்டக்காரி பின்னால் வளைந்து தரையிலிருக்கிற ஊசியைக் கண்ணிமையால் எடுக்கிறாள். நடுவுடலின் கட்டுப்பாட்டுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை எந்த வகுப்பில் இருக்கிறது? மேடை நர்த்தகியிடம் இருந்தால் 'சாதகம்', கரகக்காரியிடம் இருந்தால் 'குலுக்கல்'. மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு வரும் திருவிழா ஆட்ட அனுமதி வழக்குகளில் அடிபடுகிற சொல் ஆபாசம். விடியவிடிய ஆடுகிற முழங்காலைப் பற்றிப் பேச்சில்லை.

ஒழுங்குபடுத்தப்பட்ட உடலை அதிகாரம் எப்படி உற்பத்தி செய்கிறது என்று பூக்கோ காட்டினார். நம் சூழலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: ஒரே ஒழுங்கைச் சாதி பார்த்து இரண்டாகப் பெயரிடுவது. நடனம் பற்றி நாம் எழுதியவை ரசம், பாவம், சிற்பம் என்றே போயின. பாண்டியன் கேட்ட எளிய கேள்வியை, இவ்வளவு நேரம் நிற்கிறாயே, வலிக்கவில்லையா என்பதை, கூத்தனிடம் கேட்டாயிற்று. கரகக்காரியிடம் இன்னும் யாரும் கேட்டபாடில்லை.