பென்சில்வேனியாவில் குவேக்கர் குடியேற்றம்

வட அமெரிக்காவில் டெலவேர் ஆற்றுக்கு மேற்கே, தம் குவேக்கர் சகாக்கள் அச்சமின்றி வழிபட வில்லியம் பென் 1681இல் நிறுவிய குடியேற்றம் பென்சில்வேனியா.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் போதனையால் திரண்டவர்கள் குவேக்கர்கள். அவர்களுக்குக் குருமார் கிடையாது. மௌனமாகக் கூடியிருப்பார்கள், உள்ளொளி உந்தினால் பெண்களும் எழுந்து பேசலாம். அரசை உறுத்தியது இந்த வழிபாட்டு முறை மட்டுமல்ல. நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்தார்கள், திருச்சபைக்குத் தசமபாகம் கட்டவில்லை, பிரபுக்கள் முன் தொப்பியைக் கழற்றவில்லை. 1662இல் அவர்களைக் குறிவைத்தே ஒரு சட்டம் வந்தது; ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். கடல் கடந்தும் நிம்மதியில்லை. தாமும் ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த பியூரிட்டன்களே மாசசூசெட்ஸில் மேரி டயர் உள்ளிட்ட நான்கு குவேக்கர்களை 1659–61இல் தூக்கிலிட்டனர்.

கடற்படைத் தளபதியின் மகனான பென் 1667இல் குவேக்கரானார், சிறையும் கண்டார். இரண்டாம் சார்லஸ் மன்னர் அவர் தந்தைக்குத் தரவேண்டியிருந்த 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாகப் பென் நிலம் கேட்டார். 1681 மார்ச் 4இல் பட்டயம் கிடைத்தது. மன்னருக்கும் இது லாபமே: கடன் தீர்ந்தது, தொல்லை தரும் கூட்டத்துக்கும் போக்கிடம் கிடைத்தது.

1682இல் பென் வந்து இறங்கியதும் இயற்றப்பட்ட சட்டம், ஒரே கடவுளை ஏற்று அமைதியாக வாழும் எவரையும் சமய நம்பிக்கைக்காகத் துன்புறுத்தக் கூடாது என்றது. ஆனால் பதவியும் வாக்கும் கிறிஸ்தவர்களுக்கே. ஜெர்மானிய மென்னோனைட்டுகள், லூத்தரன்கள், கத்தோலிக்கர் எனப் பலரும் வந்து சேர்ந்தனர்.

அடிமைமுறை விஷயத்தில் குவேக்கர்களின் மனச்சாட்சி தாமதமாகவே விழித்தது. பென்னே அடிமைகளை வைத்திருந்தார். 1688இல் ஜெர்மன்டவுனில் நால்வர் எழுதிய கண்டன மனுவைக் குவேக்கர் சபை தட்டிக்கழித்தது. அடிமை வைத்திருப்போரை பிலடெல்பியா சபை விலக்கத் தொடங்கியது 1776இல்தான்.

லெனாப்பே பூர்வகுடிகளிடம் பென் விலை கொடுத்தே நிலம் பெற்றார். அவர் மகன்கள் காலத்தில் அந்த நேர்மை போயிற்று. 1737இல், ஒருவர் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை நிலம் தங்களுடையது என்ற பழைய ஆவணம் ஒன்றைக் காட்டி, முன்கூட்டியே பாதை வெட்டி, வேகமாக ஓடுபவர்களை அமர்த்தி, பெரும் நிலப்பரப்பைச் சுருட்டிக்கொண்டனர். லெனாப்பேக்களின் வெறுப்பு உள்ளுக்குள் கனன்று, பிரெஞ்சுக்காரருடனான போர் மூண்டபோது எல்லைப்புறத் தாக்குதலாக வெடித்தது. 1756இல் ஆளுநர் ராபர்ட் மோரிஸ் லெனாப்பேக்கள் மீது போர் அறிவித்து, அவர்களின் உச்சந்தலைத் தோலுக்கு வெகுமதியும் நிர்ணயித்தார். ஆயுதத்தைத் தொடாத குவேக்கர்கள் இந்தப் போரை நடத்துவதெப்படி? குவேக்கர் உறுப்பினர் பலர் சட்டமன்றப் பதவியைத் துறந்தனர். குடியேற்றத்தின் ஆட்சிப் பொறுப்பு அவர்கள் கையைவிட்டுப் போனது.