முழங்கையின் அண்டை வீட்டார்

கதவு விளிம்பில் முழங்கையை இடித்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்: அடிபட்டது ஓரிடம், ‘ஷாக்’ அடிப்பது சுண்டுவிரலில். மூட்டின் உட்புற முண்டுக்குப் பின்னால், தோலுக்குச் சற்றே கீழே ஓடும் அல்நார் நரம்பின் வேலை அது. இதையும் சேர்த்து மூன்று பெரிய நரம்புகளும், கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியும் இந்த மூட்டை உரசிக்கொண்டே போகின்றன. அதனால் இங்கே எலும்பு முறிந்தால் மருத்துவர் முதலில் நலம் விசாரிப்பது அண்டை வீட்டாரைத்தான். எலும்பின் முறை பிறகு.

மரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ கையை ஊன்றி விழும் பிள்ளைகளுக்கு, அதிலும் ஐந்து முதல் ஏழு வயதுக்காரர்களுக்கு, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சகஜம். அந்த இடத்தில் அது தகடுபோல் மெலிந்திருக்கும். மருத்துவர் மணிக்கட்டில் நாடி பார்ப்பார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொல்வார். நுனிகள் மடங்காமல் விரல்கள் தட்டையாக ஒட்டிக்கொண்டால் மீடியன் நரம்பின் கிளையொன்று மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நன்றாக விலகிய முறிவை, மயக்கம் கொடுத்து இழுத்துச் சேர்த்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே தோல் வழியாக இரண்டு மூன்று கம்பிகளைச் செருகி நிறுத்துவார்கள். பெரும்பாலும் தையலே கிடையாது. மூன்று நான்கு வாரத்தில் கம்பிகளை உருவிவிடலாம்.

வினை பல சமயம் கட்டுப்போடுவதில்தான். வீங்கும் கையை இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, முன்கைத் தசைகள் செத்துச் சுருங்கி, விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881-இல் இதை விவரித்தார். அந்த ஊனத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். மூங்கில் பத்தை வைத்த நாட்டுக்கட்டுக்கும் ஆஸ்பத்திரி மாவுக்கட்டுக்கும் இதில் பேதமில்லை. விரலை மெல்ல நீட்டிவிட்டாலே பிள்ளை துடித்தால், விடியட்டும் என்று இருக்கக் கூடாது; கட்டை உடனே தளர்த்தியாக வேண்டும். பிறகு எண்ணெய் போட்டு உருவிவிடும் பாட்டியின் பாசமும் இந்த மூட்டுக்கு ஆகாது. நசுங்கிய தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப்போகலாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது அப்படிப்பட்டவருக்கு அன்றாடச் சாப்பாட்டுப் பிரச்சினை.

முறிவு இல்லாமலே வரும் முழங்கை வலியான டென்னிஸ் எல்போவை நம் வீடுகளுக்கு அறிமுகப்படுத்தியவர் சச்சின் டெண்டுல்கர். 2005-இல் லண்டனில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் வரும் இந்த உபாதை, பெரும்பாலோருக்குக் கத்தி படாமலே ஓரிரு ஆண்டுகளில் அடங்கிவிடுகிறது.

கத்தியின் உண்மையான சாகசம் பேஸ்பாலில் நடந்தது. 1974 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை எறிவாளர் டாமி ஜானுக்கு முழங்கையின் உட்புற ஜவ்வு அறுந்தது. அதுவரை, எறிவாளர் ஒருவருக்கு அது ஆட்டத்தின் முடிவு. செப்டம்பரில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், அவரது வலக்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடக்கை எலும்புகளில் துளையிட்டு, அறுந்த ஜவ்வின் இடத்தில் கோத்துக் கட்டினார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் கயிறுபோல் துருத்துமே, அந்த நாண்தான். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. இல்லாத குறையும் தெரியாது.

மீண்டும் எறிய நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் ஜோப் கணித்திருந்தார். ஜவ்வு பிடித்துக்கொண்டது, ஆனால் அதே அல்நார் நரம்பு முரண்டு செய்ய, விரல்கள் வளைந்துபோயின. டிசம்பரில் நரம்புக்காக இன்னொரு அறுவை. 1975 முழுதும் அவர் ஆடவில்லை. 1976-இல் திரும்பியவர், 1989-இல் 46-ஆவது வயதில் ஓய்வு பெறும்வரை எறிந்தார். ஃபோல்க்மன் கதைக்கு நேர்மாறாக, இந்தச் சிகிச்சை மருத்துவரை விட்டுவிட்டு நோயாளியின் பெயரைச் சூடிக்கொண்டது. டாமி ஜானின் 288 வெற்றிகளில் 164, வலக்கை நாண் பூட்டிய அந்த இடக்கையால் வந்தவை.