உண்ணும் இரும்புச்சத்து உடலில் சேர்வது எப்படி? சிறுகுடலில் நடப்பது என்ன?

நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகையால் பாதிக்கப்பட்டுள்ளதாக 2019-21-இல் நடத்தப்பட்ட 5-ஆவது தேசிய குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. இதன் முக்கியக் காரணங்களில் ஒன்று இரும்புச்சத்துக் குறைபாடு. நாள்தோறும் கீரையும் பருப்பும் உண்போரிடமும் இக்குறைபாடு காணப்படுகிறது. உண்ணும் இரும்புச்சத்து முழுவதும் ரத்தத்தைச் சென்றடைவதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

எங்கே உட்கிரகிக்கப்படுகிறது?

இரைப்பையில் சுரக்கும் அமிலம், உணவிலுள்ள இரும்பைக் கரையச் செய்கிறது. அதன் பெரும்பகுதி, சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலில் உட்கிரகிக்கப்படுகிறது. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் இப்பகுதியின் நீளம் ஏறத்தாழ 25 செ.மீ. மட்டுமே. இதன் உட்சுவரில் விரல்களைப் போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் செல்கள் இரும்பை ஏற்று, ரத்தத்துக்கு அனுப்புகின்றன.

அளவைத் தீர்மானிப்பது எது?

ஆரோக்கியமான ஒருவரின் உடல் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பையே உட்கிரகிக்கிறது. கல்லீரலில் உருவாகும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் இந்த அளவைக் கட்டுப்படுத்துகிறது. உடலில் இரும்பின் இருப்பு போதுமானதாக இருந்தால் ஹெப்சிடின் அதிகரித்து உட்கிரகிப்பு குறையும். இருப்பு குறைந்தால் உட்கிரகிப்பு கூடும். நோய்த்தொற்றின்போதும் ஹெப்சிடின் அதிகரிப்பதால், அந்த நாள்களில் இரும்பு சேர்வது குறைகிறது.

உதவுவதும் தடுப்பதும்

இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள 'ஹீம்' வகை இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படுகிறது. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேர்வதில்லை. தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள ஃபைடேட், தேநீரிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால் ஆகியவை இரும்புடன் பிணைந்து அதைத் தடுக்கின்றன. பயறுகளை முளைகட்டினால் ஃபைடேட்டின் அளவு குறையும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி, குடல் ஏற்கக்கூடிய வடிவத்துக்கு இரும்பை மாற்றுகிறது. ஆகவே, இவற்றை உணவுடனேயே சேர்த்து உண்பது பயனளிக்கும்.

உணவுக்கு முன்பும் பின்பும் குறைந்தது ஒரு மணி நேரம் தேநீர், காபி அருந்துவதைத் தவிர்க்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் அறிவுறுத்துகின்றன.

கர்ப்பிணிகளுக்கு அரசுத் திட்டத்தில் வழங்கப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. கால்சியமும் இரும்பு உட்கிரகிப்பைக் குறைக்கும் என்பதால், இவ்விரு மாத்திரைகளையும் ஒரே வேளையில் உட்கொள்ளக் கூடாது. தொடர்ந்து சோர்வு, மூச்சுத்திணறல் இருப்போர் தாமாக மாத்திரை உட்கொள்ளாமல், ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.